கடலூர் நகராட்சி உருவாக்கமும் எல்லை வரையறையும்

கடலூர் நகராட்சி என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத் தலைநகரான கடலூரை நிர்வகிப்பதற்காக 1866ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நகர உள்ளாட்சி அமைப்பாகும். இது 2021ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் எனத் தனித்தனி வரலாறு கொண்ட பல ஊர்கள் ஒரே நகராட்சி எல்லைக்குள் கொண்டுவரப்பட்டதால் உருவான நகரம் இது. ஒரு நகராட்சி சட்டப்படி எவ்வாறு பிறக்கிறது, அதன் எல்லை எவ்வாறு குறிக்கப்படுகிறது, எல்லைக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் என்ன வேறுபாடு என்பவற்றைக் கடலூரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நகரம், நகராட்சி - வேறுபாடு

மக்கள் கூடி வாழும் இடம் பெரிதாக வளர்ந்தால் அது வழக்கில் நகரம் எனப்படும். ஆனால் நகராட்சி என்பது சட்டம் உருவாக்கும் ஓர் அமைப்பு. அதற்குத் தனிப் பெயர், எல்லை, சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை, வரி விதிக்கும் அதிகாரம், வழக்குத் தொடுக்கவும் வழக்கை எதிர்கொள்ளவும் தகுதி ஆகியவை உண்டு. ஆகவே ஓர் ஊர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அரசின் அறிவிக்கை வெளிவராத வரை அது நகராட்சி ஆகாது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இவ்வேறுபாட்டைப் பின்பற்றுகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டவை சட்டமுறை நகரங்கள் எனப்படும். அவ்வாறு அறிவிக்கப்படாமல், குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றையும் நிறைவு செய்பவை கணக்கெடுப்பு நகரங்கள் எனப்படும். பின்னவை தோற்றத்தில் நகரங்களாக இருப்பினும் நிர்வாகத்தில் பெரும்பாலும் ஊராட்சிகளாகவே இருக்கும்.

வரலாறு

பீரங்கிக் குண்டால் குறிக்கப்பட்ட எல்லை

கடலூர்ப் பகுதியின் எல்லை வரையறை வரலாற்றில் மிகவும் வியப்பானது 1690ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அப்போது செஞ்சி மராத்தியர் வசம் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்திருந்த கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சென்னையின் ஆளுநராக அப்போது எலிகு யேல் இருந்தார். இக்கோட்டை பின்னர் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது.

கோட்டையுடன் எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அந்த விற்பனையில் ஓர் அளவுகோல் இருந்தது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கியின் குண்டு சென்று விழும் தொலைவுக்கு உட்பட்ட நிலம் முழுவதும் வாங்குபவருக்கு உரியது என்பதே அது. நெடுந்தொலைவு சுடக்கூடிய பீரங்கியைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலேயர் பல திசைகளில் சுட்டனர். இவ்வாறு கடலூர் நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் அவர்கள் வசமாயின. இவ்வூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என்று அழைக்கப்பட்டன.

இன்றைய நோக்கில் இது விளையாட்டாகத் தோன்றலாம். எனினும் எல்லை வரையறைக்குத் தேவையான மூன்று கூறுகள் இதில் உள்ளன: ஒரு தொடக்கப் புள்ளி (கோட்டை), ஓர் அளவுமுறை (குண்டு செல்லும் தொலைவு), இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஓர் ஆவணம் (விற்பனைப் பத்திரம்). இல்லாதது ஒன்றுதான். குண்டு விழும் இடத்தில் வாழ்ந்த மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. பின்வந்த நகராட்சிச் சட்டங்களின் வளர்ச்சியைப் பெரும்பாலும் இந்த நான்காவது கூறு படிப்படியாகச் சேர்க்கப்பட்ட வரலாறாகவும் பார்க்கலாம்.

1866: நகராட்சியின் தொடக்கம்

சென்னை மாநகராட்சி 1687ஆம் ஆண்டின் பட்டயப்படி 1688இல் தொடங்கியது. ஆனால் மாகாணத்தின் பிற ஊர்களுக்கு நகர ஆட்சி வருவதற்கு மேலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், ஓர் ஊரின் குடியிருப்பாளர் விரும்பிக் கேட்டால் அங்கு நகராட்சி அமைக்கலாம் என்றது. தம்மீது தாமே வரி விதித்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்கச் சென்னை மாகாணத்தில் பெரும்பாலோர் முன்வரவில்லை.

எனவே 1865ஆம் ஆண்டின் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டம் (1865ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம்) வேறு முறையைக் கையாண்டது. குடியிருப்பாளரின் விண்ணப்பம் இன்றியே, அரசு தானாக ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரலாம். இதன்படி தென் ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த கடலூர் 1866இல் நகராட்சி ஆனது. சிதம்பரம் நகராட்சி 1873இல் அமைக்கப்பட்டது.

தொடக்கக் கால நகராட்சிகளில் ஆணையர்கள் அரசால் நியமிக்கப்பட்டனர். ஊரின் காவல் செலவில் பெரும்பகுதியையும் நகராட்சியே ஏற்கவேண்டியிருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரி செலுத்துவோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமும், அதன்பின் 1920ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமும் வந்தன. இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டமே ‘தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம்’ என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது.

பல ஊர்கள், ஒரு நகராட்சி

கடலூர் ஒரே மையத்திலிருந்து வளர்ந்த நகரன்று. கெடிலம் ஆற்றின் தென்கரையில் பாடலீசுவரர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த திருப்பாதிரிப்புலியூர், தேவாரப் பாடல் பெற்ற தலமாகும். அதற்குத் தென்கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய முதுநகர் வணிகர்களின் ஊர். ஆற்றின் வடகரையில் மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகம் முதலிய அரசு அலுவலகங்களைச் சுற்றி வளர்ந்தது. கடலோரத்தில் தேவனாம்பட்டினம் மீனவர் ஊராக உள்ளது. தொடருந்துப் பயணிகளுக்கு இன்றும் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு என இரு வேறு நிலையங்கள் உள்ளன.

ஓர் ஆறு நடுவே ஓட, கோயிலூர், துறைமுகம், அலுவலகக் குடியிருப்பு, மீனவர் ஊர் ஆகியவற்றை ஒரு நகராட்சியாக இணைத்தது இயற்கையன்று, அரசின் அறிவிக்கையே. அருகருகே உள்ள பல ஊர்களின் தொகுதியை ஒரே நகராட்சியாக அமைக்கலாம் என்பதை 1920ஆம் ஆண்டுச் சட்டமும் வெளிப்படையாக ஏற்றது.

தற்போதைய சட்ட அடிப்படை

அரசியலமைப்பு

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் வழி சேர்க்கப்பட்ட 243ஞ முதலான உறுப்புகளின் வரிசை (ஆங்கில எழுத்து வரிசையில் 243-பி முதல் 243-இசட்ஜி வரை) நகராட்சிகளைப் பற்றியது. இதில் 243-கியூ உறுப்பு மூன்று வகை அமைப்புகளைக் கூறுகிறது.

1. ஊரகத் தன்மையிலிருந்து நகரத் தன்மைக்கு மாறிவரும் பகுதிக்கு நகரப் பஞ்சாயத்து (தமிழ்நாட்டில் பேரூராட்சி).
2. சிறிய நகரப் பகுதிக்கு நகராட்சி மன்றம்.
3. பெரிய நகரப் பகுதிக்கு மாநகராட்சி.

ஒரு பகுதி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஆளுநர் பொது அறிவிக்கையின் மூலம் குறிப்பிடவேண்டும். அப்போது மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டோரின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றையும் தகுந்தவை எனக் கருதும் பிற காரணிகளையும் அவர் கருத்தில் கொள்ளவேண்டும். நடைமுறையில் இம்முடிவை மாநில அமைச்சரவையே எடுக்கிறது.

இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. தொழில் நிறுவனம் ஒன்று ஒரு பகுதியில் நகர வசதிகளைச் செய்து தருமானால், அப்பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து அங்கு நகராட்சி அமைக்காமல் விடலாம். கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நெய்வேலி நகரியம், மக்கள்தொகையில் பல நகராட்சிகளை விடப் பெரியதாக இருந்தும், தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் இன்றி நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்து வருவது இங்கு நோக்கத்தக்கது.

மாநிலச் சட்டம்

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, பின்னர் நிறுத்திவைக்கப்பட்டது. அது திருத்தங்களுடன் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நகராட்சிகளுக்கு ஒரு சட்டம், ஒவ்வொரு மாநகராட்சிக்கும் தனித்தனிச் சட்டம் என்ற பழைய நிலை இதனால் முடிவுக்கு வந்தது.

உருவாக்கத்தின் படிநிலைகள்

ஒரு புதிய நகராட்சியை அமைப்பதோ, இருக்கும் நகராட்சியுடன் ஊராட்சிகளை இணைப்பதோ பொதுவாகப் பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது.

முன்மொழிவு: உள்ளாட்சி மன்றங்களின் தீர்மானங்கள், மாவட்ட ஆட்சியரின் அறிக்கை, மக்கள்தொகை மற்றும் வருவாய் விவரங்கள் ஆகியவை அரசுக்கு அனுப்பப்படுகின்றன.

உத்தேச அறிவிக்கை: இன்ன பகுதியை நகராட்சியாக அமைக்கக் கருதியுள்ளோம் என்று அரசு அரசிதழில் வெளியிடுகிறது. இது முடிவன்று, எண்ணத்தின் அறிவிப்பு மட்டுமே.

ஆட்சேபணை: அப்பகுதியில் வசிப்போரும் வரி செலுத்துவோரும் குறிக்கப்பட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் தமது மறுப்பையோ கருத்தையோ தெரிவிக்கலாம். கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவதும் உண்டு.

இறுதி அறிவிக்கை: ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பின்னர் அரசு இறுதி அறிவிக்கையை வெளியிடுகிறது. இதில் எல்லைகளை விவரிக்கும் அட்டவணை இடம்பெறும். இதில் குறிக்கப்படும் நாளிலிருந்து நகராட்சி சட்டப்படி உயிர் பெறுகிறது.

பொறுப்பு மாற்றம்: இணைக்கப்படும் ஊராட்சியின் கட்டடங்கள், குளங்கள், குடிநீர்த் தொட்டிகள், பணியாளர்கள், கடன்கள், ஒப்பந்தங்கள் ஆகியவை புதிய அமைப்புக்கு மாறுகின்றன.

வார்டு வரையறையும் தேர்தலும்: நகராட்சிப் பரப்பு வார்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. பின்னர் மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்துகிறது. தேர்தல் வரை தனி அலுவலர் பொறுப்பு வகிப்பார்.

எல்லையை எழுதும் முறை

நகராட்சியின் எல்லை வரைபடத்தில் வரையப்படும் கோடு மட்டுமன்று. அது சொற்களால் எழுதப்படும் விவரிப்பும் ஆகும். இதற்கு வருவாய்த் துறையின் ஆவணங்களே அடிப்படை. வருவாய்க் கிராமத்தின் பெயர், கிராம எண், அதன் சர்வே எண்கள், புல வரைபடம், அ-பதிவேடு ஆகியவற்றைக் கொண்டு எந்தெந்த நிலங்கள் உள்ளே அடங்கும் என்று பட்டியலிடப்படுகிறது. வருவாய்க் கிராமம் முழுவதுமாகச் சேர்க்கப்பட்டால் விவரிப்பு எளிது. ஒரு பகுதி மட்டும் சேர்க்கப்பட்டால் ஒவ்வொரு சர்வே எண்ணையும் குறிப்பிடவேண்டும். ஓர் எண் விடுபட்டால், அந்நிலத்திலுள்ள வீடுகள் எந்த அமைப்புக்கும் தெளிவாக உரியவையாகாமல் போகும்.

இதையடுத்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு திசைகளிலும் எல்லையாக அமையும் ஊர்கள், ஆறுகள், சாலைகள் விவரிக்கப்படுகின்றன. ஆறு, கடல் போன்றவை எளிதில் அடையாளம் காணத்தக்கவை. ஆனால் ஆறு தடம் மாறக்கூடியது. இதனால் ஆற்றின் பெயரை மட்டும் கூறாமல் நில அளவை எண்ணையும் சேர்த்துக் கூறுவது பாதுகாப்பானது. சாலையை எல்லையாகக் கொண்டால், சாலையின் எந்த விளிம்பு எல்லை என்பதும் எழுதப்படவேண்டும். இல்லையேல் அச்சாலையில் விளக்குப் போடுவது யார் என்பதே வழக்காகிவிடும்.

எல்லை மாற்றத்துக்குக் காலத் தடையும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னர் நிர்வாக எல்லைகள் நிலைநிறுத்தப்படும். 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி, எல்லை மாற்றங்களை 2025 டிசம்பர் 31க்குள் முடிக்குமாறு மாநிலங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன.

நகராட்சியிலிருந்து மாநகராட்சி

கடலூரை மாநகராட்சியாக்கும் அறிவிப்பு 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வெளியானது. தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், சிவகாசி ஆகியவையும் அப்போது அறிவிக்கப்பட்டன. முதல் மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று 45 வார்டுகளுக்கு நடைபெற்றது. மார்ச் மாதத்தில் சுந்தரி ராஜா முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதே காலத்தில் மாவட்டத்தின் வடலூர், திட்டக்குடி பேரூராட்சிகள் நகராட்சிகளாகத் தரம் உயர்ந்தன. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், விருத்தாசலம், சிதம்பரம் ஆகியவை மாவட்டத்தின் பிற நகராட்சிகள்.

கடலூர் நகராட்சியின் பரப்பு 27.69 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,73,636. முதல் மாநகராட்சித் தேர்தலும் நகராட்சியாக இருந்த பரப்பை அடிப்படையாகக் கொண்டே நடந்தது. இதிலிருந்து, தரம் உயர்த்தலும் எல்லை விரிவாக்கமும் இரு வேறு செயல்கள் என்பது விளங்கும். முன்னது அமைப்பின் பெயர், அலுவலர் கட்டமைப்பு, அதிகாரம் ஆகியவற்றை மாற்றுகிறது. பின்னது புதிய மக்களையும் நிலங்களையும் உள்ளே கொண்டுவருகிறது. பெரும்பாலான எதிர்ப்பு பின்னதற்கே எழுகிறது.

எல்லையால் ஏற்படும் விளைவுகள்

ஊராட்சியிலிருந்து நகராட்சிக்கு மாறும் குடும்பத்துக்கு நன்மையும் இழப்பும் உண்டு.

வேலை: ‘நூறு நாள் வேலை’ என்று மக்களால் அழைக்கப்பட்டு வந்த ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிப் பகுதிகளுக்கே உரியது. நகராட்சியுடன் இணைந்த நாளிலிருந்து அவ்வுரிமை இல்லாமல் போகும். நிலமற்ற வேளாண் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இணைப்பை எதிர்ப்பதற்கு இது முதன்மைக் காரணம்.

வரி: சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியவை நகராட்சிகளில் பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

வசதி: பாதாளச் சாக்கடை, நாள்தோறும் குப்பை அகற்றல், தெருவிளக்கு, சாலை ஆகியவற்றுக்குப் பெரிய திட்டங்களும் நிதியும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வரி உடனே வருகிறது, வசதி பல ஆண்டுகள் கழித்து வருகிறது என்ற மனக்குறை இணைக்கப்பட்ட பகுதிகளில் பரவலாகக் கேட்கப்படுகிறது.

பிரதிநிதித்துவம்: சில நூறு குடும்பங்களுக்கு ஓர் ஊராட்சித் தலைவர் இருந்த இடத்தில், பல ஆயிரம் பேருக்கு ஒரு வார்டு உறுப்பினர் என்ற நிலை ஏற்படும். கிராம சபையும் இராது.

நகரத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. சுற்றுப்புற ஊர்களில் வசிப்போர் நகரத்தின் பேருந்து நிலையம், சந்தை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் அவர்களது சொத்து வரி நகரத்துக்கு வருவதில்லை. கடலூரின் தெற்கே குடிகாடு முதலிய ஊர்ப் பகுதிகளில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை நகராட்சி எல்லைக்கு வெளியே வளர்ந்தது. தொழிற்சாலைகளின் மாசு காற்றோடு எல்லை கடக்கும், வரி எல்லை கடக்காது. வெள்ளமும் அத்தகையதே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையாற்றில் பெருவெள்ளம் வந்தபோது நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. வடிகால் போன்றவற்றை நகராட்சி எல்லையோடு நிறுத்திவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

எல்லை மாற்றத்துக்கு முன்னர் மக்களைக் கேட்கவேண்டுமா என்ற வினா பலமுறை உச்சநீதிமன்றத்துக்குச் சென்றுள்ளது. துளசிப்பூர் சர்க்கரை ஆலை வழக்கில் (1980), ஓர் இடத்தை நகரப் பகுதியாக அறிவிப்பது சட்டமியற்றலை ஒத்த செயல் என்றும், சட்டம் கோராதபோது ஒவ்வொருவரையும் கேட்கவேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த பல்தேவ் சிங் வழக்கில் (1987), ஊராட்சிப் பகுதியை நகர அமைப்புக்குள் கொண்டுவருவது மக்களின் வரிச்சுமையையும் வாழ்வையும் பாதிப்பதால் அவர்களுக்குக் கருத்துக் கூற வாய்ப்புத் தரவேண்டும் என்றது. கல்யாண் மாநகராட்சி தொடர்பான சுந்தர்ஜாஸ் பத்தீஜா வழக்கில் (1989) மீண்டும் முதல் நிலைப்பாடே வலியுறுத்தப்பட்டது.

இவற்றிலிருந்து மாணவர் அறியவேண்டியது இதுவே: எங்கு நகராட்சி அமைப்பது என்ற முடிவின் நன்மை தீமைகளை நீதிமன்றம் பொதுவாக ஆராய்வதில்லை. ஆனால் ஆட்சேபணை கேட்கவேண்டும் என்று சட்டமே கூறியிருந்தால், அந்நடைமுறையை அரசு தவிர்க்க இயலாது. எனவே உத்தேச அறிவிக்கை வெளியாகும் காலமே குடிமக்களுக்கு மிக முக்கியமானது. இறுதி அறிவிக்கைக்குப் பின் மாற்றம் பெறுவது கடினம்.

ஒப்பீடு

சிதம்பரம்: நகராட்சியின் பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011இல் மக்கள்தொகை 62,153. நகரை ஒட்டியே அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நகராட்சிக்குள் இல்லாமல் அண்ணாமலை நகர் என்னும் தனிப் பேரூராட்சியில் உள்ளது. தொடர்ச்சியான ஒரே குடியிருப்பு, இரு வேறு உள்ளாட்சிகளாக இருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

புதுச்சேரி: கடலூருக்கு வடக்கே பாகூர் கொம்யூன் உள்ளது. பிரெஞ்சு ஆட்சியில் 1880ஆம் ஆண்டு ஆணையால் அமைந்த கொம்யூன்கள், 1973ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சட்டங்களால் நகராட்சிகளாகவும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் மாறின. கடலூர் எவ்வளவு வளர்ந்தாலும் அதன் உள்ளாட்சி எல்லை இந்த மாநில எல்லையைத் தாண்ட இயலாது.

இலங்கை: கல்முனை மாநகர சபையிலிருந்து சாய்ந்தமருதைப் பிரித்துத் தனி நகர சபை அமைக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2020 பிப்ரவரியில் வெளியாகி, சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. எல்லை மாற்றம் அங்கு இன விகிதாசாரத்தோடும் பிணைந்திருந்ததே இதன் சிக்கலுக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவை மாநகராட்சிகளானதால் மொத்த எண்ணிக்கை 25 ஆயிற்று. ஊராட்சிகளை நகர அமைப்புகளுடன் இணைப்பதற்கான அறிவிப்புகளும் அதனைத் தொடர்ந்து பல மாவட்டங்களில் வெளியாயின. அவற்றை எதிர்த்துப் பல ஊர்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனு அளித்தனர். 1690இல் குண்டு விழுந்த இடத்தில் எல்லை அமைந்தது. இன்று எல்லை அமைவதற்கு முன்னர் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை அவ்வெல்லைக்குள் வரவிருப்போருக்கு உண்டு.